பித்தளைக்குள் ஒரு தொண்டை: சாக்ஸபோனைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

சாக்ஸபோன் பித்தளையில் செய்த கருவி. மேடை வெளிச்சம் பட்டால் பொன்னாக மின்னும். ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். ஆனால் இசை படித்தவர்களைக் கேட்டால், அது புல்லாங்குழலும் கிளாரினெட்டும் இருக்கும் மரக்காற்றுக் கருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பார்கள். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். இந்தக் குழப்பம் தீர்ந்தால், ராணுவ அணிவகுப்புக்காகப் பிறந்த கருவி எப்படி ஜாஸுக்கும் ராக்குக்கும் காதல் பாட்டுக்கும் போனது என்பதும் பாதி விளங்கிவிடும்.

கருவி எதால் ஆனது என்று பார்த்து வகை பிரிப்பதில்லை. சத்தம் எங்கே பிறக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். ட்ரம்பெட்டில் வாசிப்பவரின் உதடே அதிர்கிறது. சாக்ஸபோனில் அதிர்வது ரீட் எனப்படும் நாணல் பட்டை. நாகஸ்வரத்தின் சீவாளியைப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும். சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று மோதி அதிரும். சாக்ஸபோனில் ஒரே இதழ்தான். அது மவுத்பீஸ் எனப்படும், வாயில் வைக்கும் முனையின் விளிம்பில் மோதி அதிரும். குழாய் பித்தளையாக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. 1953 மே மாதம் டொரண்டோவின் மாஸி ஹாலில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியில் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக்கில் வார்த்த ஆல்ட்டோ என்ற வகைச் சாக்ஸபோன். அந்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கேட்டால் பிளாஸ்டிக் ஞாபகத்துக்கே வராது, பார்க்கரின் குரல்தான் கேட்கும்.

வாசிக்கத் தொடங்கும் முன் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். முதலில் ரீடை வாயில் போட்டு ஈரமாக்கிக்கொள்வார்கள். காய்ந்த ரீட் சரியாகப் பேசாது. பிறகு அதை மவுத்பீஸின் தட்டைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் நுனியும் ஒன்றாக நிற்கிறதா என்று கண்ணருகே தூக்கிப் பார்ப்பார்கள். மயிரிழை விலகினாலும் சத்தம் கெடும். அப்புறம் ரீடைப் பிடித்துக்கொள்ளும் வளையத்தைத் திருகி இறுக்குவார்கள். கீழுதட்டைக் கீழ்ப்பல்லின் மேல் லேசாக மடித்து அதன்மேல் ரீடை உட்கார வைத்து, மேல்பல்லை மவுத்பீஸின் மேல் ஊன்றி, ஊதுவார்கள். தணிந்த சுரத்தை மெல்ல ஊதும்போது முதலில் காற்று மட்டும் வரும். அந்தக் காற்றுக்குள்ளிருந்து சுரம் தலைகாட்டும். பேசுவதற்கு முன் ஒருவர் மூச்சிழுப்பது நம் காதில் விழுமே, அதைப்போல.

இந்தக் கருவியின் ரகசியம் அந்தக் கீழுதட்டில் இருக்கிறது. உதட்டின் பிடியைக் கொஞ்சம் இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். தாடையை மெல்ல அசைத்தால் சுரம் நடுங்கும். ஊதிக்கொண்டே தொண்டைக்குள் முனகினால் உறுமல் வரும். நாக்கு, தொண்டை, வாயின் உள்கூடு எல்லாமே தொனியை மாற்றும். பியானோவில் ஒரே கட்டையை இரண்டு பேர் ஒரே விசையில் அழுத்தினால் ஒரே சத்தம்தான் வரும். ஒரே சாக்ஸபோனை இரண்டு பேர் வாசித்தால் இரண்டு ஆட்கள் பேசுவதுபோல் இருக்கும். சாக்ஸபோனுக்கென்று தீர்மானமான குரல் கிடையாது என்பேன். யார் வாயில் வைக்கிறார்களோ அவர்களுடைய தொண்டையை வாங்கிக்கொள்கிறது. இனி சொல்லப்போகும் கதை முழுக்க இதிலிருந்துதான் கிளைக்கிறது.

குழாயின் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளாரினெட்டின் உட்புறம் பெரும்பாலும் நேரான உருளை. சாக்ஸபோனுடையது கழுத்திலிருந்து சத்தம் வெளிவரும் வாய் வரை விரிந்துகொண்டே போகும் கூம்பு. அதனால் சாக்ஸபோனில் மேல் ஸ்தாயிக்குப் போகக் கட்டைவிரலால் ஒரு சாவியை அழுத்தினால் போதும், மற்ற விரல்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கலாம். கிளாரினெட்டில் அப்படி முடியாது. மேலே போனால் விரல் கணக்கே மாறிவிடும். தொடக்கத்தில் சாக்ஸபோன் எளிதாகக் கைவருவதற்கு இது முக்கியக் காரணம். நன்றாக வாசிப்பது வேறு விஷயம், அதற்கு ஆயுள் வேண்டும்.

பெரும்பாலான கருவிகளை யார் செய்தது என்று கேட்டால் பதில் இருக்காது. சாக்ஸபோனுக்குப் பெயரிலேயே பதில் இருக்கிறது. அடால்ஃப் சாக்ஸ், இன்றைய பெல்ஜியத்தின் தினான் என்ற ஊரில் 1814இல் பிறந்தவர். அப்பாவும் இசைக்கருவி செய்பவர். மரக்காற்றுக் கருவிகளுக்கு வேகம் உண்டு, வலு குறைவு. பித்தளைக் கருவிகளுக்கு வலு உண்டு, நெகிழ்வு குறைவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப வேண்டும், அதில் தந்திக் கருவியின் குழைவும் வேண்டும் என்பது சாக்ஸின் ஆசை. பாரிஸுக்குப் போனார். 1842இல் இசையமைப்பாளர் பெர்லியோஸ் பத்திரிகையில் இந்தப் புதுக் கருவியைப் பாராட்டி எழுதினார். 1846 ஜூன் 28 அன்று காப்புரிமை கிடைத்தது.

சாக்ஸ் ஒரே கருவியோடு நிற்கவில்லை, சிறியதிலிருந்து பெரியது வரை ஒரு குடும்பத்தையே திட்டமிட்டார். அதில் இரண்டு வரிசை: ஒன்று ஆர்கெஸ்ட்ராவுக்கு, மற்றது ராணுவ வாத்தியக் குழுவுக்கு. ஆர்கெஸ்ட்ரா வரிசை மெல்ல மறைந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும், சிறியதிலிருந்து பெரியது வரையான சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் நான்கும் ராணுவத்துக்காகச் செய்த வரிசையின் பிள்ளைகள். நான்கிலும் விரல் வைக்கும் முறை ஒன்றே. ஒன்றைக் கற்றவர் மற்றதை எடுத்து வாசித்துவிடலாம்.

ஆர்கெஸ்ட்ரா ஏன் இதை வீட்டுக்குள் விடவில்லை? அதற்குள் ஆர்கெஸ்ட்ராவில் யார் எங்கே உட்காருவது என்பது முடிவாகிவிட்டிருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. போட்டிக் கருவி செய்பவர்கள் சாக்ஸ் மேல் வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸே 1872இல் ஒரு நாடக இசையில் இதைப் பயன்படுத்தினார், பிறகு ராவெல் பயன்படுத்தினார். ஆனால் அது அவ்வப்போது வந்து போகும் விருந்தாளியாகவே இருந்தது. சாக்ஸ் பலமுறை திவாலாகி, 1894இல் பாரிஸில் இறந்தார். தன் கருவியை உலகப் புகழுக்குக் கொண்டுபோன இசையில் ஒரு சுரத்தைக்கூட அவர் கேட்டதில்லை.

அமெரிக்காவுக்கு அது வாத்தியக் குழுக்களோடு போனது. அணிவகுப்பு இசைக்குப் பெயர்பெற்ற சூசாவின் குழு போன்ற பெரிய குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றியபோது மக்கள் அதைப் பார்த்தார்கள். இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரத்தில் தொழிற்சாலைகள் அதை ஏராளமாகச் செய்தன. 1920களில் வீட்டுக்கு வீடு சாக்ஸபோன் மோகம். அந்த மோகத்தில் ஏராளமாக விற்றவற்றில் ஒன்று இன்று அநேகமாக மறந்துபோன ‘சி மெலடி’ சாக்ஸபோன். ஆல்ட்டோவிலும் டெனரிலும் தாளில் எழுதியிருக்கும் சுரம் ஒன்று, காதில் விழும் சுரம் வேறு. பியானோ பாட்டுத் தாளை அப்படியே பார்த்து வாசித்தால் சுருதி சேராது. சி மெலடியில் அந்தத் தொல்லை இல்லை. பியானோ வாசிப்பவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தே வாசித்துவிடலாம். 1929இல் வந்த பொருளாதாரச் சரிவில் இந்த மோகம் அடங்கியது. ஆனால் நடனக் குழுக்களில் சாக்ஸபோன் ஊன்றிவிட்டது. ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையின் காலத்துப் பெரிய குழுவில் இரண்டு ஆல்ட்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிட்டோன் என்று ஐந்து பேர் ஒரே வரிசையில் உட்காருவது வழக்கமானது.

அதுவரை சாக்ஸபோன் வேடிக்கை காட்டவும் நடனத்துக்கு ஊதவும்தான் என்று நினைத்தவர்கள் நிறைய. டெனர் சாக்ஸபோனைத் தனியாக நின்று பேசவைத்தவர் ஜாஸ் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ். 1939 அக்டோபரில் ‘பாடி அண்ட் சோல்’ என்ற மெதுவான காதல் பாட்டை மூன்று நிமிடத்துக்குப் பதிவு செய்தார். பாட்டின் மெட்டைத் தொடக்கத்தில் சற்றுத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார். அதன்பின் கடைசிவரை வருவதெல்லாம் மெட்டுக்கு அடியில் நகரும் சுரக்கூட்டங்களைப் பிடித்துக்கொண்டு அவரே கட்டுவது. கற்பனாசுரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. அநேகமாக மெட்டே இல்லாத அந்த வாசிப்பு மக்களிடம் பெரிய வெற்றி பெற்றது.

அதன்பின் ஜாஸில் ஒவ்வொருவரும் ஒரு குரல். லெஸ்டர் யங் ஹாக்கின்ஸுக்கு நேரெதிர். மெலிந்த தொனி, அவசரமே இல்லாத நடை. பார்க்கர் ஆல்ட்டோவில் காட்டிய வேகம் ஒரு தலைமுறையையே மாற்றியது. 34 வயதில் இறந்துவிட்டார். சன்னி ராலின்ஸ் புகழின் உச்சியில் இருந்த 1959இல் மேடையை விட்டு விலகினார். தன் வாசிப்பில் அவருக்கே திருப்தி இல்லை. வீட்டில் பயிற்சி செய்தால் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு என்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். கீழே ஆறு, பக்கத்தில் ரயில், அவற்றின் இரைச்சலுக்கு நடுவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஊதினார். உலகம் மெச்சும் ஒருவர் குரலைத் தேடி மறுபடி மாணவனாகிப் பாலத்தில் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஜான் கோல்ட்ரேன் இன்னும் ஒரு படி போனார். 1964 டிசம்பரில் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’ தொகுப்புக்காக இறைவனை நோக்கி ஒரு கவிதை எழுதினார். தொகுப்பின் கடைசிப் பகுதியில் அந்தக் கவிதையை யாரும் பாடவில்லை, படிக்கவில்லை. கோல்ட்ரேன் அதை டெனர் சாக்ஸபோனில் அசை அசையாக வாசிக்கிறார். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தச் சொல்லில் இருக்கிறார் என்று விரல் வைத்துப் பின்தொடரலாம். தொண்டையை வாங்கிக்கொள்ளும் கருவி என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இப்படி மனிதக் குரலுக்கு நெருங்கியதாலேயே இதற்குப் பகையும் இருந்தது. 1938இல் நாஜிகள் டூசெல்டார்ஃபில் ‘சீரழிந்த இசை’ என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். எந்த இசையை ஜெர்மனி வெறுக்க வேண்டும் என்று காட்டுவதற்காக. அதன் விளம்பரத் தாளில் விகாரமாக வரையப்பட்ட ஒரு கறுப்பினக் கலைஞர், அவருடைய மார்பில் யூத நட்சத்திரம், வாயில் சாக்ஸபோன். தாங்கள் வெறுத்த மனிதர்களையெல்லாம் ஒரே படத்தில் அடக்க அவர்களுக்கு இந்தக் கருவி தேவைப்பட்டது.

ராக் அண்ட் ரோல் என்றதும் கிட்டார்தான் நினைவுக்கு வரும். ஆனால் தொடக்கத்தில் பாட்டின் நடுவில் எழுந்து ஊதும் பங்கு பெரும்பாலும் டெனர் சாக்ஸபோனுடையது. இந்த உரத்த வாசிப்புக்கு வேர் 1942இல் இருக்கிறது. லயனல் ஹாம்ப்டன் குழுவில் வாசித்த 19 வயது இலினாய் ஜாக்கே, ‘ஃப்ளையிங் ஹோம்’ பாட்டில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதிக் கூட்டத்தை எழுப்பினார். நளினத்தை விட்டுக் கூவலைப் பிடித்த அந்த வாசிப்பைப் பின்பற்ற ஆள் சேர்ந்தது. 1958இல் கோஸ்டர்ஸ் குழுவின் ‘யாக்கெட்டி யாக்’ பாட்டில் கிங் கர்ட்டிஸ் துள்ளத் துள்ள வாசித்தது இதன் உச்சம். 1960களில் மின்கிட்டாரின் சத்தம் பெருகியது. கிட்டார்காரர் அந்த இடத்தில் வந்து நின்றார்.

சாக்ஸபோன் மறுபடி பாட்டுக்குள் வந்தது 1970களில். இம்முறை அதன் வேலை வேறு. பாடகர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தும் ஏதோ மீதி இருக்கிறது என்னும் இடத்தில் அது நுழையும். சொல் நின்ற இடத்தில் இன்னொரு குரல் தொடர்வது போல. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் டு ரன்’ தொகுப்பின் அட்டையைப் பாருங்கள்: பாடகர் சாய்ந்து நிற்பது சாக்ஸபோன் வாசிக்கும் க்ளாரன்ஸ் க்ளெமன்ஸின் தோளில். அந்தத் தொகுப்பின் கடைசிப் பாட்டிலும் அப்படித்தான், கதையின் பாரத்தை நீண்ட நேரம் அவருடைய டெனர் சுமக்கிறது. 1978இல் வந்த ஜெர்ரி ராஃபர்ட்டியின் ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ பாட்டில் சாக்ஸபோன் வரியையே மக்கள் முணுமுணுத்தார்கள். வாசித்தவர் ராஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட். ராலின்ஸ்கூட 1981இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டில் வந்து வாசித்திருக்கிறார்.

1984இன் ‘கேர்லெஸ் விஸ்பர்’ தனியாகச் சொல்ல வேண்டியது. பாடகர் ஜார்ஜ் மைக்கேல் இந்தப் பாட்டை அமெரிக்காவின் அலபாமாவில் பதிவு செய்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் மறுபடி லண்டனில் செய்தார். அந்தச் சாக்ஸபோன் வரி அவர் மனத்தில் இருந்தபடி வர, பல கலைஞர்களைக் கூப்பிட்டுப் பார்த்துக் கடைசியில் ஸ்டீவ் கிரிகரியிடம் கிடைத்தது. வரியைக் கவனித்துக் கேளுங்கள். உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தயங்குகிறது. குற்ற உணர்வோடு தலைகுனிகிற ஒருவர் அதில் தெரிவார்.

இந்த வெற்றியே அதற்குச் சுமையாகவும் ஆயிற்று. 1980களின் பிற்பாதியில் பாட்டுக்குப் பாட்டு அதே வழுவழுப்பான சாக்ஸபோன், கேட்டவர்களுக்குத் திகட்டியது. கென்னி ஜியின் சொப்ரானோ வாசிப்பு கோடிக்கணக்கானோரைக் கவர்ந்தது. ஜாஸ் ரசிகர்களில் பலர் அதை ஏற்கவில்லை. அவருடைய ‘கோயிங் ஹோம்’ சீனாவில் கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் மூடும் நேரத்தில் ஒலிக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் அடையாளமாகவே மக்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1992 ஜூனில் பில் கிளிண்டன் அதிபர் தேர்தல் நேரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுத் தொலைக்காட்சியில் டெனர் வாசித்தார். 2010இல் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் மால்டோவா குழுவின் செர்ஜி ஸ்டெபானோவ் இடுப்பை ஆட்டி ஊதிய சில நொடிகளை இணையத்தில் பத்து மணிநேரம் சுழலவிட்டு ரசித்தார்கள். மறு ஆண்டு லேடி காகாவின் பாட்டில் க்ளெமன்ஸ் மறுபடி ஒலித்தார். அதே 2011 ஜூனில் அவர் காலமானார்.

ஆங்கிலப் பாட்டோடு இந்தக் கதையை நிறுத்தினால் அநியாயம். எத்தியோப்பியாவின் கெட்டாச்சூ மெக்குரியா, போர்வீரர்கள் முழங்கும் பாடல் முறையை டெனரில் கொண்டுவந்தார். நைஜீரியாவில் ஃபெலா குட்டி சாக்ஸபோனையும் அரசியல் பாட்டையும் ஒரே மூச்சில் வைத்தார். கர்நாடக இசையில் கத்ரி கோபால்நாத். நாகஸ்வரக் கலைஞரின் மகனான அவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைப் பார்த்து அதன்மேல் ஆசைப்பட்டவர். சாக்ஸபோன் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சாவி வைத்த கருவி. கமகமோ சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் வாழ்வது. சாவிகள் பிரித்து வைத்ததை உதட்டாலும் மூச்சாலும் இழைத்துச் சேர்க்கப் பல ஆண்டுகள் உழைத்தார். 1994இல் லண்டன் ப்ராம்ஸ் இசை விழாவில் வாசித்தார். ‘டூயட்’ திரைப்படத்தில் ஏ.ஆர். ரகுமானின் இசையில் தமிழ்க் காதுகள் கேட்ட சாக்ஸபோன் அவருடையதுதான். எத்தியோப்பியப் போர்முழக்கமும் கல்யாணி ராகமும் ஒரே குழாயில் சொந்தக் குரலாக ஒலிப்பது, அந்தக் குழாய்க்கென்று பிடிவாதமான குரல் இல்லாததால்தான்.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு இடம் காட்டச் சொன்னால், 1957 டிசம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடிய ‘ஃபைன் அண்ட் மெல்லோ’வைக் காட்டுவேன். காட்சிப்பதிவு இணையத்தில் இருக்கிறது. நிதானமான ப்ளூஸ் பாட்டு. ஹாலிடே உயரமான முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கலைஞர்கள் சுற்றி நிற்கிறார்கள். இடையிடையே ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள், அவர்களில் மூன்று பேர் கையில் டெனர் சாக்ஸபோன். முதலில் பென் வெப்ஸ்டர், மூச்சுக்காற்று வெளியே தெரிய, கனிந்து ஊதுகிறார். அடுத்து லெஸ்டர் யங். உடல்நலம் குன்றியிருந்த காலம் அது. எழுந்து வந்து ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். சுரங்கள் மிகக் குறைவு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவ்வளவு இடம். பிறகு வரும் ஹாக்கின்ஸ் அந்த இடத்தையெல்லாம் நிரப்பிப் பிரவாகமாகப் போகிறார். ஒரே பாட்டு, ஒரே அளவு சுற்று, ஒரே வகைக் கருவி. கண்ணை மூடிக்கொண்டாலும் மூன்று பேரையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

யங் வாசிக்கும்போது மட்டும் கண்ணை மூடாதீர்கள். ஹாலிடேவுக்கு ‘லேடி டே’ என்று பெயர் வைத்தவர் யங். யங்குக்கு ‘ப்ரெஸ்’ என்று பெயர் வைத்தவர் ஹாலிடே. கேமரா ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறது. அந்தச் சில சுரங்களைக் கேட்டு, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்குத் தலையாட்டுவது போல அவர் மெல்லத் தலையாட்டுகிறார்.